எஃப்-150 பிக்கப்பில் கிரில் கார்டும் விஞ்சும் வீட்டிலேயே மாட்டுவது: பிராக்கெட், போல்ட், கேபிள்

பனிப்பாதை:

வண்டி 2018 ஃபோர்டு எஃப்-150, சூப்பர்க்ரூ (நாலு கதவு), 4×4, 2.7 இகோபூஸ்ட் (டர்போ இன்ஜின்). ஒன்டாரியோவில் ஓடுகிறது. கதவு ஓரத்து ஸ்டிக்கரில் மொத்த எடை வரம்பு 6,600 பவுண்டு. முன் பம்பரில் பார்க்கிங் சென்சார் உண்டு, முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைத் தானே மாற்றும் ரேடார் க்ரூஸ் கிடையாது. குளிர்காலத்தில் ஏரிக்கரை மண்பாதைகளில் போக வேண்டியிருக்கும், அதற்காக விஞ்ச் (சிக்கிய வண்டியை வடம் சுற்றி இழுக்கும் மின் மோட்டார்) தேவை.

பைப்பில் செய்த சாதாரண கிரில் கார்டு (வண்டியின் மூக்கைக் காக்கும் முன்சட்டம்) ஒன்று கையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் டோ ஹூக் (வண்டியைக் கட்டி இழுக்கும் முன்கொக்கி) போல்ட் துளைகளில் மாட்டும் வகை. அதன் கீழ்க் குறுக்குப் பைப்பில் 6 மி.மீ இரும்புத் தட்டை வெல்டு செய்து, அதன் மேல் 12,000 பவுண்டு விஞ்சை உட்கார வைக்கலாம் என்று திட்டம்.

கேள்விகள்:

1. இந்த வெல்டிங் போதுமா, தட்டு இன்னும் தடிமனாக வேண்டுமா?
2. 12,000 பவுண்டு அவசியமா, 10,000 போதுமா?
3. விஞ்சுடன் வரும் போல்ட் நீளம் போதவில்லை என்றால் என்ன செய்வது?
4. மைனஸ் கேபிளை பேட்டரியில் நேராகப் போடுவதா, சேஸியிலா? ஃபோர்டு கையேடு ஒன்று சொல்கிறது, விஞ்ச் கையேடு வேறு சொல்கிறது.

வீட்டு கராஜில் இரண்டு டன் ஜாக்கி, ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச் உள்ளன. உதவிக்கு ஓர் ஆள் கிடைப்பார்.

---

இரும்புக்கை:

தட்டை எவ்வளவு தடிமனாக்கினாலும் பயனில்லை. பலவீனம் தட்டில் இல்லை, அது உட்காரும் பைப்பிலும் பிராக்கெட்டிலும் இருக்கிறது. கிரில் கார்டு என்பது மான் குறுக்கே வந்தாலோ கிளை மோதினாலோ பின்னோக்கித் தள்ளப்படும் விசையைத் தாங்கச் செய்த பொருள். விஞ்ச் அதை நேர் எதிர்த்திசையில், முன்னால் பிடித்து இழுக்கிறது. மோதும்போது பிராக்கெட் சேஸி மேல் அமுங்கி நின்றுகொள்ளும். இழுக்கும்போது பிடித்துக்கொள்ள நாலு போல்ட்டும் ஒரு மெல்லிய தட்டும் மட்டும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12,000 பவுண்டு என்றால் ஏறத்தாழ 5,400 கிலோ. விஞ்ச் வடம், பிராக்கெட் போல்ட்டுகளுக்கு 10 செ.மீ மேலே இருந்தால் பக்கத்துக்கு 270 கிலோ எடையை ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் தொங்கவிட்டது போன்ற திருப்புவிசை வரும். இது நேர் இழுவைக்கு. வண்டி கோணலாக மாட்டி 40 டிகிரி பக்கவாட்டில் இழுத்தால் சுமையில் பெரும்பங்கு ஒரே பிராக்கெட்டில் விழும். இரண்டு, மூன்று மி.மீ சுவர் உள்ள பைப் அங்கே வெல்டு ஓரத்தில் கிழியும். பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி வீட்டில் அடித்த வெல்டு என்றால் அதற்கும் முன்பே. கிழிந்தால் பிய்ந்து போவது நாற்பது கிலோ இரும்பு, இழுவிசையோடு.

சேஸியின் முன்முனையில் துளை போடுவதும் வெல்டு செய்வதும் அதைவிட மோசம். எஃப்-150இன் உடம்புதான் அலுமினியம், சேஸி உயர்வலு எஃகு. அந்த முனை மோதலில் மடிந்து விசையை வாங்கிக்கொள்ளக் கணக்கிட்டு வடிவமைத்த இடம். வெல்டிங் சூடு அதன் வலுவை மாற்றிவிடும். ஏர்பேக் எப்போது வெடிக்க வேண்டும் என்பதும் அந்த மடிப்பின் வேகத்தைப் பொறுத்தது.

ஆகவே வழி இரண்டு. விஞ்சுக்கென்றே செய்த கார்டை வாங்குங்கள்: வார்ன் டிரான்ஸ்ஃபார்மர், வெஸ்டின் எச்டிஎக்ஸ் விஞ்ச் மவுண்ட் போன்றவை. இவற்றில் விஞ்ச் தட்டு நேராக சேஸிப் பிராக்கெட்டோடு போல்ட் ஆகும், மேலே உள்ள கார்டுப் பைப் வெறும் காவல்தான். இல்லையென்றால் பம்பருக்குப் பின்னால் மறைந்து உட்காரும் விஞ்ச் மவுண்டை வாங்கிக்கொண்டு, கையில் இருக்கும் கார்டு அதோடு சேர்ந்து பொருந்துமா என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே டோ ஹூக் துளைக்குப் போட்டி போடும். எதை வாங்கினாலும் உங்கள் ஆண்டு, இன்ஜின் இரண்டுக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்க வேண்டும். இன்ஜினை ஏன் சொல்கிறேன் என்றால், இகோபூஸ்டில் இன்டர்கூலர் பம்பரின் கீழ்த் திறப்புக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. விஞ்சை அந்தத் திறப்பில் அடைத்து வைத்தால் கோடையில் ட்ரெய்லர் இழுக்கும்போது டர்போக் காற்று சூடாகி இன்ஜின் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். தட்டு உட்காரும் உயரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

10,000 போதுமா? மொத்த எடை வரம்பை ஒன்றரையால் பெருக்குவது வழக்கம். 6,600 × 1.5 = 9,900. எனவே 10,000 சரியாக விளிம்பில் நிற்கிறது. ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் எண் டிரம்மில் முதல் அடுக்கு வடத்துக்கு மட்டுமே. வடம் அடுக்கடுக்காக ஏறினால் டிரம்மின் விட்டம் பெரிதாகும், இழுவை குறையும். மேல் அடுக்கில் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். 10,000 அங்கே 6,500 ஆகிவிடும். சக்கரம் முழுக்கச் சேற்றில் இறங்கிய வண்டிக்கு அதன் எடைக்குச் சமமான இழுவை வேண்டும், மட்கார்டு வரை இறங்கினால் இரு மடங்கு. அதனால் 12,000 வாங்குவதே சரி. அதோடு ஒரு கப்பியும் வாங்குங்கள். கப்பி போட்டு வடத்தை இரட்டிப்பாக்கினால் இழுவை ஏறத்தாழ இரு மடங்காகும், வேகம் பாதியாகும், மோட்டாரும் சூடாகாது. 8,000 பவுண்டோடு கப்பியைச் சரியாகப் பயன்படுத்துபவர், கப்பி இல்லாத 12,000ஐவிட எளிதாக வெளியே வருவார்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: கார்டு மாட்டக் கழற்றும் டோ ஹூக் திரும்பி வராது. இரட்டை வடத்தின் மறுமுனையை வண்டியில் எங்கே மாட்டுவீர்கள்? கார்டுப் பைப்பில் மாட்டவே கூடாது. பிராக்கெட்டில் ஷேக்கிள் (யு வடிவ இரும்பு வளையம்) மாட்டும் காது உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். மாடல் விவரத்தில் அந்தக் காதின் தாங்குதிறன் தனியாக எழுதியிருக்க வேண்டும்.

இனி மாட்டும் முறை.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு கால் மணி நேரம் விடுங்கள். முன்பக்கம் ஏர்பேக் சென்சார்களும் வயர்களும் இருப்பதால் இது கட்டாயம். டோ ஹூக் போல்ட்டுகளில் முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். நம்மூர்ச் சாலை உப்பில் ஆறு, ஏழு குளிர்காலம் கண்ட போல்ட் சும்மா வராது. முறுக்கி உடைத்துவிட்டால் சேஸிக்குள் இருக்கும் நட் தகடோடு சேர்ந்து சுழல ஆரம்பிக்கும், அதன்பின் ஒரு முழு நாள் போய்விடும். கால் சுற்று அவிழ்த்து, எட்டில் ஒரு சுற்று இறுக்கி, மறுபடி அவிழ்த்து என்று கொண்டுவாருங்கள்.

பம்பரின் கீழ் பிளாஸ்டிக் தடுப்பு சில கார்டுகளுக்குக் கழற்ற வேண்டும், சிலதுக்கு வெட்ட வேண்டும். வெட்டும் முன் பிராக்கெட்டை ஒருமுறை வெறுமனே பிடித்துப் பார்த்து, மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். காகித அச்சை நம்பி வெட்டினால் ஒரு விரல் அகலம் தவறும்.

விஞ்சைத் தட்டில் மாட்டுவது தரையிலேயே, கார்டை வண்டியில் ஏற்றும் முன். வண்டியில் ஏறியபின் அடியில் இருக்கும் நட்டுக்குள் விரல் போகாது. தட்டின் துளைகள் 10 × 4.5 அங்குலம், அதாவது 254 × 114 மி.மீ. 12,000 வரையிலான விஞ்சுகளுக்குப் பெரும்பாலும் இதே அளவுதான். போல்ட் 3/8 அங்குலம். சதுர நட் விஞ்ச் காலில் உள்ள பள்ளத்தில் உட்காரும். உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இங்கே: தட்டு, வாஷர், விஞ்ச் காலின் உதடு, நட் இவற்றின் தடிமனைக் காலிப்பரில் அளந்து கூட்டுங்கள். போல்ட் அதைவிட இரண்டு மரை நீளமாக இருந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் நுனி பள்ளத்தின் அடியில் முட்டும். டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்று சொல்லும், ஆனால் தட்டு இறுகியிருக்காது, அலுமினியக் கூட்டில் விரிசல் விழும். குறைந்தால் நட்டின் மரை பாதிதான் பிடிக்கும். கடையில் வாங்கினால் கிரேடு 5க்குக் குறையாமல் வாங்குங்கள், தலையில் மூன்று கோடு இருக்கும். 3/8 கிரேடு 5க்கு 45 நியூட்டன் மீட்டர் அளவு. கையேட்டில் வேறு எண் இருந்தால் கையேடுதான்.

டிரம்மை மோட்டாரிலிருந்து விடுவிக்கும் கிளட்ச் நெம்புகோல் எந்தப் பக்கம் வருகிறது என்று இப்போதே பாருங்கள். தட்டின் சுவருக்குப் பின்னால் மறைந்துவிட்டால் கையுறை போட்ட கையால் திருப்ப முடியாது. பல மாடல்களில் கியர்க்கூட்டின் ஓரப் போல்ட்டுகளைக் கழற்றி ஒரு படி திருப்பி மாட்டலாம். கூட்டை வெளியே இழுக்காமல் திருப்புங்கள், இழுத்தால் உள்ளே கியர் சரியும்.

கார்டும் விஞ்சும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ வரும். ஜாக்கியின் தலையில் மரக்கட்டை வைத்து அதன் மேல் ஏற்றுங்கள், உதவியாளர் சமநிலைக்குப் பிடித்துக்கொள்ளட்டும். எல்லாப் போல்ட்டையும் கையால் திருகும் அளவுக்கு மட்டும் விடுங்கள். பிறகு இருபுறமும் ஹெட்லைட் விளிம்பிலிருந்து கார்டு வரை அளந்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

இடைவெளி: கார்டுக்கும் கிரில்லுக்கும், கார்டுக்கும் பானெட்டுக்கும் குறைந்தது 25 மி.மீ விடுங்கள். கார்டு சேஸியில் நிற்கிறது, கிரில்லும் பானெட்டும் ரப்பர் மெத்தை மேல் நிற்கும் உடம்பைச் சேர்ந்தவை. பள்ளம் மேட்டில் இரண்டும் தனித்தனியாக ஆடும். நின்ற வண்டியில் அழகாக 10 மி.மீ இடைவெளி தெரியும், முதல் மண்பாதையிலேயே கிரில் உடையும். பானெட்டை முழுக்கத் திறந்து மூடிப் பார்த்தபின் இறுக்குங்கள்.

பிராக்கெட்டுக்கு மெட்ரிக் போல்ட் என்றால் எம்12 (12 மி.மீ), தலையில் 8.8 என்று வலு எண் உள்ளதற்கு 80, 10.9 உள்ளதற்கு 115 நியூட்டன் மீட்டர் பக்கம். இது உலர்ந்த மரைக்கு. துருவுக்குப் பயந்து ஆன்டி-சீஸ் தடவினால் அதே எண்ணில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும், ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். இறுக்கியபின் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். 100 கி.மீ ஓடியபின் கோடு விலகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே தெரியும். புதுப் பிராக்கெட்டின் பவுடர் கோட்டிங் நசுங்கி அடங்குவதால் முதல் முறை கொஞ்சம் தளர்வது இயல்பு.

---

மின்கம்பி:

நான்காவது கேள்விக்கு மட்டும்.

இரண்டு கையேடும் அதனதன் நோக்கில் சரி. எஃப்-150இல் மைனஸ் டெர்மினல் மேல் ஒரு சின்னச் சென்சார் இருக்கிறது. உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை அதுதான் கணக்கு வைக்கிறது. விஞ்ச் மைனஸை நேராக டெர்மினலில் போட்டால், விஞ்ச் குடித்த மின்சாரம் சென்சாருக்குத் தெரியாது. பேட்டரி பாதி காலியான பிறகும் கணினி அதை நிறைந்ததாகவே நினைக்கும், ஆல்டர்னேட்டரைக் குறைத்து ஓட்டும், ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்பை அனுமதிக்கும். பூட்டி எட்டு மணி நேரம் தொடாமல் நிறுத்தினால் ஓய்வு மின்னழுத்தத்தை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். ஆனால் காட்டுக்குள் எட்டு மணி நேரம் காத்திருக்க முடியாதே.

விஞ்ச் கையேடு பேட்டரியில் நேராகப் போடச் சொல்வது, இடையில் துருப்பிடித்த இணைப்பு எதுவும் வரக்கூடாது என்பதற்காக. இரண்டையும் நிறைவேற்ற ஒரே இடம் சென்சாரைத் தாண்டிய வண்டிப் பக்க முனை. பேட்டரியின் மைனஸ் கேபிள் சேஸியில் வந்து முடியும் போல்ட்டைக் கண்டுபிடித்து, அங்கே விஞ்ச் மைனஸை மாட்டுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை உலோகம் தெரிய வேண்டும், மாட்டியபின் மேலே கிரீஸ். உடம்புத் தகட்டில் மாட்ட வேண்டாம். அது அலுமினியம், செம்பு லக்கும் (கேபிள் நுனி வளையம்) உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் ஒரே குளிர்காலத்தில் வெள்ளைப் பொடியாக அரிக்கும்.

ஆனால் கம்பெனி மைனஸ் கேபிள் ஸ்டார்ட்டருக்காகப் போட்டது, சில விநாடி வேலைக்கு. விஞ்ச் நிமிடக்கணக்கில் 400 ஆம்பியர் இழுக்கும். அடிக்கடி பயன்படுத்துவீர்கள் என்றால் சென்சாரின் வண்டிப் பக்கத்திலிருந்து அதே சேஸிப் புள்ளிக்கு இணையாக இன்னொரு 2 கேஜ் கேபிள் போட்டுவிடுங்கள்.

கேபிள் தடிமனில் சிக்கனம் வேண்டாம். 2 கேஜ் என்பது ஏறத்தாழ 34 சதுர மி.மீ செம்பு. 6 அடி போக, 6 அடி வர, மொத்தம் 3.6 மீட்டர் என்றால் 400 ஆம்பியரில் 0.75 வோல்ட் கேபிளிலேயே போய்விடும், 300 வாட் வெப்பமாக. 4 கேஜ் போட்டால் 1.2 வோல்ட் இழப்பு, 470 வாட். கேபிள் கையில் பிடிக்க முடியாமல் கொதிக்கும். விஞ்சுடன் வந்த கேபிள் பேட்டரியை எட்டாவிட்டால் நடுவில் இணைப்புப் போட்டு நீட்டாதீர்கள், முழு நீளத்துக்குப் புதிதாகச் செய்யுங்கள், ஒரு கேஜ் பெரிதாக. லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்கக் கூடாது, ஹைட்ராலிக் கிரிம்பரில் நசுக்கி, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போடுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைக்கும், வாங்க வேண்டாம்.

பிளஸ் பக்கம் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் கைத் துண்டிப்புச் சுவிட்ச் கட்டாயம், 500 ஆம்பியர் குறுகிய நேரம் தாங்கும் வகை. விஞ்ச் கேபிளுக்கு வழக்கமாக ஃப்யூஸ் கிடையாது. முன்பக்கம் மோதி அந்தக் கேபிள் ரேடியேட்டர் சட்டத்தில் நசுங்கினால் பேட்டரி முழு வேகத்தில் ஷார்ட் ஆகும், நிறுத்த எதுவும் இருக்காது. சாலையில் ஓடும்போது சுவிட்ச் எப்போதும் அணைந்தே இருக்கட்டும். வேலைக்குத் தேவையானபோது மட்டும் போடுங்கள்.

கேபிளை டர்போக் குழாய், விசிறி, ஸ்டீயரிங் தண்டு மூன்றிலிருந்தும் விலக்கி நெளிகுழாய்க்குள் கொண்டுபோங்கள். 20 செ.மீக்கு ஒரு கட்டு. தகட்டுத் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் விடவே கூடாது.

---

பனிப்பாதை:

வெல்டிங் திட்டத்தை விட்டாயிற்று. விஞ்ச் மவுண்டோடு வரும் கார்டையே பார்க்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். பார்க்கிங் சென்சார் கார்டையே தடையாக நினைத்துக் கத்திக்கொண்டே இருக்குமா? முன் நம்பர் பிளேட் விஞ்சுக்குப் பின்னால் மறைகிறதே?

---

இரும்புக்கை:

கத்தும். கார்டின் நிற்கும் தூண்கள் பம்பர் சென்சாருக்கு நேர் முன்னால் வந்தால் நிச்சயமாக. சில கார்டுகளில் தூணிலேயே சென்சாரை இடம் மாற்றும் துளை இருக்கும், அதற்கான வளையமும் வயர் நீட்டிப்பும் தனியாக விற்கிறார்கள். மாற்றும்போது சென்சார் முன்பிருந்த அதே உயரத்திலும் அதே சாய்விலும் இருக்க வேண்டும். கொஞ்சம் கீழே குனிந்தால் தரையையே தடையாக எண்ணும். இல்லாவிட்டால் முன் சென்சாரை மட்டும் டாஷ்போர்டு பொத்தானில் அணைத்து ஓட்டலாம், ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் அழுத்த வேண்டியிருக்கும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ரேடார் க்ரூஸ் உள்ள வண்டியில் ரேடாருக்கு முன்னால் எந்தப் பைப்பும் வரக்கூடாது. அதை இடம் மாற்றினால் வீட்டில் சீரமைக்க முடியாது.

ஒன்டாரியோவில் முன் பிளேட்டும் வேண்டும், முழு எண்ணும் தெரிய வேண்டும். வடம் வெளியே வரும் ரோலருக்கு முன்னால் கீல் வைத்து மடக்கும் பிளேட் பிடிப்பான் கிடைக்கிறது. வடம் இழுக்கும் முன் மேலே தூக்கிவிட்டால் போதும்.

முன் அச்சின் எடை வரம்பையும் ஸ்டிக்கரில் பாருங்கள். எடை ஏறியதும் மூக்கு கொஞ்சம் தாழும், ஹெட்லைட் கீழே குத்தும். சுவரிலிருந்து 25 அடியில் நிறுத்தி, மாட்டும் முன் ஒளிக்கோட்டை டேப்பால் குறித்து வையுங்கள், மாட்டியபின் அதே கோட்டுக்குத் திருகி ஏற்றுங்கள்.

---

வல்லைவெளி:

வடத்தைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, அதால நான் எழுதுறன்.

உங்களுக்கு முக்கால்வாசி குளிர்காலப் பாவனை எண்டபடியா இரும்பு வடமா சிந்தெடிக் கயிறா எண்டு முதலே முடிவெடுங்கோ, ஏனெண்டா வழிகாட்டி வாய் (வடம் வெளிய வாற வாசல்) அதைப் பொறுத்துத்தான். இரும்பு வடத்துக்கு உருளை வாய், சிந்தெடிக்குக்கு வழவழப்பான அலுமினிய வாய். இரும்பு வடம் ஓடின உருளையில சின்னச் சின்னக் கீறல் இருக்கும், அதில சிந்தெடிக்கை விட்டா நூல் நூலா அறுக்கும்.

சிந்தெடிக் பதினைஞ்சு கிலோ மட்டில பாரம் குறைவு, கையைக் கிழிக்காது, அறுந்தாலும் இரும்பு மாதிரி வீசி அடிக்காது. நான் அதைத்தான் சொல்லுவன். ஆனா கயிறு தண்ணியைக் குடிச்சு ட்ரம்மில கட்டியா உறையும். உறைஞ்ச கயிறை மோட்டரால இழுத்து அவிழ்க்க வெளிக்கிட்டா உள்ளடுக்கு நசிஞ்சு போகும். ரோட்டு உப்புத் தண்ணி காய்ஞ்சு கயிறுக்குள்ள பளிங்காகி, உள்ளுக்கிருந்து அரைக்கும். அதால விஞ்சுக்குக் கட்டாயம் ஒரு உறை போடுங்கோ, மார்கழி தொடங்க முதல் ஒருக்கா, பனி கரைஞ்சாப்பிறகு ஒருக்கா முழுக்க இழுத்துச் சாதாரணத் தண்ணியில கழுவிக் காயவிட்டுச் சுத்துங்கோ.

முதல் தரம் சுத்துறது முக்கியம். பெட்டியில இருந்து வாற கயிறு தளர்வாத்தான் இருக்கும். அப்பிடியே பாவிச்சா பாரம் வரேக்க மேலடுக்கு கீழடுக்குக்குள்ள புதைஞ்சு சிக்கும். கடைசிப் பத்துச் சுத்தை விட்டிட்டு மிச்சத்தை இழுத்து மரத்தில கட்டி, சின்ன ஏற்றத்தில வாகனத்தை நியூற்றலில விட்டு, ஒராள் மெல்லமா பிரேக்கில கால் வைச்சபடி விஞ்சால வாகனத்தையே இழுங்கோ. கயிறு விறைப்பாப் பக்கம் பக்கமா அடுக்குப்படும். எப்ப இழுத்தாலும் ட்ரம்மில சிந்தெடிக் எண்டா எட்டுப் பத்துச் சுத்து, இரும்பு எண்டா அஞ்சு சுத்து மிஞ்சோணும். நுனியைப் பிடிச்சிருக்கிற சின்ன ஆணி பாரம் தாங்க இல்லை, சுத்தின கயிறின்ர உராய்வுதான் தாங்குது.

மரத்தில கட்ட அகலப் பட்டிதான், சங்கிலி மரத்தோலை அறுத்துப் போடும். கொக்கியைக் கயிறிலயே திருப்பி மாட்டவும் கூடாது. இழுக்கேக்க கயிறு நடுவில ஒரு பாரமான யக்கெற்றையோ ஈரச் சாக்கையோ போடுங்கோ. ஆக்களைக் கயிறின்ர நீளத்தில ஒண்டரை மடங்கு தூரத்துக்கு அங்கால நிக்கச் சொல்லுங்கோ.

---

கோவை_டீசல்:

இதே மாதிரி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸுக்கு கோயம்புத்தூரில் செய்யலாமா?

---

மின்கம்பி:

கார்டு கூடாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதி, க்ராஷ் கார்டு, புல் பார் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று சொல்லிவிட்டது. நடந்து போகிறவர்கள் மேல் மோதும்போது வரும் காயமும் ஏர்பேக் வேலை செய்யும் நேரம் மாறுவதும் காரணம். சோதனையில் பிடித்தால் அபராதம், கழற்றவும் சொல்வார்கள். வெளியே துருத்தாத பின்பக்க மீட்புக் கொக்கி, கையால் இயக்கும் நெம்புகோல் விஞ்ச், அகலப் பட்டி, இரண்டு ஷேக்கிள் இவற்றை வண்டியிலேயே வைத்துக்கொண்டால் எஸ்டேட் பாதைகளுக்குப் பெரும்பாலும் போதும்.

---

பனிப்பாதை:

மாட்டி முடித்தபின் சோதிக்கும்போது விஞ்ச் 'டக் டக்' என்று மட்டும் சொல்லி இழுக்காமல் நின்றால் எங்கே தேடுவது?

---

மின்கம்பி:

மல்டிமீட்டரை எடுங்கள், எதையும் கழற்ற வேண்டாம். டக் சத்தம் வருகிறது என்றால் ரிமோட்டும் காந்தச் சுவிட்சின் சுருளும் வேலை செய்கின்றன. கனமான பக்கத்தில்தான் கோளாறு.

உதவியாளர் பொத்தானை அழுத்தியபடி இருக்க, முதலில் பேட்டரி முனைகளில் பாருங்கள். 12.5 வோல்ட்டில் இருந்து 9க்கு விழுந்தால் பேட்டரிதான், கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியின் திறனே பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். பேட்டரி 12க்கு மேல் நிற்கிறது, விஞ்ச் பெட்டியின் உள்ளீட்டு முனைகளில் மட்டும் குறைகிறது என்றால் இடைவழியில் இழப்பு. ஒரு முனையை பேட்டரி பிளஸிலும் மற்றதை விஞ்ச் பிளஸ் முனையிலும் வைத்து அளங்கள். பிறகு மைனஸ் பக்கமும் அதே மாதிரி. பாரம் இல்லாமல் ஓடும்போது விஞ்ச் 70, 80 ஆம்பியர்தான் இழுக்கும், ஆகவே ஒரு பக்கத்தில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே ஒரு இணைப்பு சரியில்லை. பெரும்பாலும் சேஸிப் புள்ளியில் பெயின்ட் மிச்சம் இருக்கும், அல்லது துண்டிப்புச் சுவிட்ச் மலிவு வகையாக இருக்கும். கையை வைத்துப் பார்த்தாலே எந்த லக் சுடுகிறதோ அதுதான்.

உள்ளீட்டில் 12 சரியாக வந்து மோட்டார் முனைகளுக்குப் போகவில்லை என்றால் காந்தச் சுவிட்சின் உள்தொடர்பு கருகியிருக்கிறது. மோட்டார் வரை வந்தும் டிரம் சுற்றவில்லை என்றால் கிளட்ச் நெம்புகோல் பாதியில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, மோட்டாரின் எர்த் முனையைப் பாருங்கள். பல விஞ்சுகளில் அந்த மெல்லிய எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே மாட்டி அனுப்பியிருப்பார்கள்.

பாரம் இழுத்துச் சோதிக்கும்போது இன்ஜின் ஓடட்டும், ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்பைப் பொத்தானில் அணைத்துவிடுங்கள். இந்த வண்டியில் ஸ்டீயரிங் உதவியும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது. விஞ்ச் முழுப் பாரத்தில் இழுக்கும்போதே சக்கரத்தைத் திருப்பினால் மின்னழுத்தம் விழுந்து ஸ்டீயரிங் கனத்துப் போகும், எச்சரிக்கை விளக்கும் வரும். இழுவையை நிறுத்தி, திருப்பி, மறுபடி இழுங்கள். முழுப் பாரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர வேண்டாம். மோட்டார்க் கூட்டில் கை வைக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த முறை அழுத்துங்கள்.